ராகு காலத்தில் தொலைந்த மயில்கள்

டிஸ்க் கெட்டுப்போனவர்கள் கடைக்குள் நுழைந்ததும் சொல்லும் முதல் வார்த்தை 'அர்ஜென்ட்'. வணக்கம்கூட அப்புறம்தான். கெட்ட டிஸ்க்கிலிருந்து ஃபைல்களை மீட்டுக்கொடுக்கிற இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இதற்குள் அதைக் கேட்டுச் சலித்திருப்பீர்கள். அந்த வார்த்தைக்கு என்ன பதில் சொல்வது என்பதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். மென்பொருள், கருவி, கேபிள் எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்னும் சரியாகச் சொன்னால், எட்டாவதில் பள்ளிக்கூடம் என்னை விட்டது.

கோலார் தங்கவயலிலிருந்து கிளம்பி ஓசூரில் ஒரு ஓட்டலில் தட்டு கழுவினேன். அது பிடிக்காமல் லாரியில் கிளீனராக நாக்பூர்வரை போனேன். திரும்பும் வழியில், சோலாப்பூர் பக்கம், மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டேன். டிரைவர் என்னை ஒரு பெட்ரோல் பங்கில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். லோடு அர்ஜென்ட். அவர்மேல் தப்பில்லை. பிழைத்து எழுந்து பெங்களூருக்கு வந்து கேபிள் டி.வி.க்கு ஒயர் இழுத்தேன். ஒரு தடவை மாடியிலிருந்து விழுந்தேன். அதற்குப் பிறகு தரையில் நடக்கிற வேலையாகப் பார்த்து, எஸ்.பி. ரோட்டில் கம்ப்யூட்டர் பெட்டிகளை வண்டியில் ஏற்றி இறக்கினேன். அப்படித் தூக்கிய பெட்டிகளில் ஒன்றை ஒருநாள் திறந்து பார்த்தேன். என் கல்வித் தகுதி அவ்வளவுதான்.

திறக்கவிட்டவர் அந்தக் கடையின் முதலாளி. எல்லோரும் அவரைப் 'பாய்' என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் பெயரைக் கேட்க வேண்டும் என்று எனக்குக் கடைசிவரை தோன்றவில்லை. பாயின் கடையில் மெக்கா படம் மாட்டிய சுவரில், அதற்குப் பக்கத்திலேயே ஒரு தினக் காலண்டர் தொங்கும். ராகு காலம், எமகண்டம், குளிகை எல்லாம் போட்டது. தினமும் காலையில் கடை திறந்ததும் அவர் செய்கிற முதல் வேலை அதில் தாள் கிழிப்பது.

"பாய், உங்களுக்கு எதுக்கு ராகு காலம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அரே, எனக்கு எதுக்குடா? கஸ்டமருக்கு."

"கஸ்டமர் கேக்கவே இல்லையே."

"அவன் கேக்க மாட்டான். நான் சொல்லுவேன். 'எனக்குப் பயமா இருக்கு, கொஞ்சம் யோசிக்கணும்'னு சொல்லிப் பாரு. டிஸ்க்கைத் தூக்கிக்கினு பக்கத்துக் கடைக்குப் போயிருவான். 'இப்ப ராகு காலம் சார்'னு சொல்லு. சேர் எங்கேன்னு கேப்பான்."

அது அப்படியே நடந்தது. கத்திக்கொண்டு வந்தவர்கள் ராகு காலம் என்றதும் நாற்காலியைத் தேடினார்கள். உட்கார்ந்ததும் பேசினார்கள். டிஸ்க் எப்படிக் கெட்டது, அதற்கு முன்னால் யார் எதைப் பிடுங்கினார்கள், இதற்கு முன்பே எத்தனை பேர் பிரித்துப் பார்த்தார்கள் என்ற உண்மையெல்லாம் அந்த நாற்காலியில்தான் வெளியே வரும். நின்றுகொண்டிருக்கும் கஸ்டமர் 'சும்மாதான் இருந்துச்சு, அதுவா கெட்டுப்போச்சு' என்பார். உட்கார்ந்து டீ குடித்த கஸ்டமர், 'கீழ விழுந்துச்சு, ஆனா மெதுவாத்தான் விழுந்துச்சு' என்பார். இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில்தான் நம் பிழைப்பு இருக்கிறது.

ராகு காலம் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம்தான். அது இல்லாத நேரத்துக்கு எமகண்டம் இருந்தது. அதுவும் போய்விட்டால் குளிகை. குளிகையில் செய்யும் காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள். அதனால் நகை வாங்கலாம், ரிப்பேர் பார்க்கக் கூடாது என்று பாய் சொல்வார். யாரும் மறுத்துப் பேசியதில்லை. கோரமங்களா பக்கமிருந்து வருகிற, எதையும் நம்பாத ஐ.டி. பையன்களுக்கு மட்டும் வேறு ஏற்பாடு. ஒரு பழைய மானிட்டரில் பச்சைக் கோடு ஒன்று மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். அது எதையும் செய்யவில்லை, சும்மா நகரும். "டயக்னோஸ்டிக்ஸ் ஓடுது சார்" என்றால் போதும். கோயிலில் தீபாராதனைக்கு நிற்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

பிறகு நான் ஈஜிபுராவில் சொந்தமாகக் கடை போட்டேன். ஒரு பக்கம் கோழிக்கடை, இன்னொரு பக்கம் மொபைல் ரீசார்ஜ். முதல் நாளே ஒரு தினக் காலண்டர் வாங்கி மாட்டினேன். அதைப் பார்த்து என் மனைவி, "ஞாயித்துக்கிழமை சர்ச்சு, மத்த ஆறு நாளும் ராகு. அங்க இருக்கறவரு ஒருநாள் இங்க வந்து பாக்கப்போறாரு" என்றாள்.

அவர் வரவில்லை. எஸ்தர் வந்தாள்.

அது ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று இருக்கும். எஸ்தரை எனக்கு முகம் தெரியும், பழக்கமில்லை. ஈஜிபுராவிலேயே ஒற்றை அறை வீட்டில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வைத்துக் கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு வேலை செய்து கொடுப்பவள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒரு கையில் டிஸ்க், இன்னொரு கையில் ஒரு துணிப்பை. பையைக் கவுண்டரில் வைத்து, உள்ளேயிருந்து ஒரு பட்டுத் துண்டை எடுத்து விரித்தாள். அரக்கு நிறத்தில் ஜாக்கெட்டின் கைத்துணி. தங்க நூலில் ஒரு மயில் தோளிலிருந்து முழங்கைவரை தோகையை இறக்கிவிட்டிருந்தது. நன்றாக இருந்தது. பக்கத்தில் இன்னொரு கைத்துணியை வைத்தாள். அதில் ஒன்றுமே இல்லை.

"ஒரு கை முடிஞ்சிருச்சுண்ணே. இன்னொரு கை போடறதுக்குள்ள கரன்ட் போயி, லேப்டாப்பும் செத்து, திரும்ப வந்து பாத்தா டிஸ்க்குல ஒண்ணும் தெறக்க மாட்டேங்குது. டிசைன் எல்லாம் இதுலதான் இருக்குது. கல்யாணம் ஞாயித்துக்கிழமை. பொண்ணோட அம்மா நாளைக்குச் சாயங்காலம் வந்து வாங்கிக்கினு போவாங்க."

"மெஷினுக்குள்ள இருக்காதா?"

"மெஷின் ஒரு நேரத்துல ஒண்ணுதான் ஞாபகம் வெச்சிக்கும். இதுக்கு நடுவுல ஒரு ஸ்கூல் பேட்ஜ் வந்துச்சு, அதப் போட்டேன். மயில மறந்துருச்சு."

"துணி வேற இருக்கா?"

"பொடவையிலேருந்து வெட்டின துணிண்ணே. வேற எங்க போறது?"

நிலைமை புரிந்தது. ஒரு கையில் மயிலும் இன்னொரு கையில் ஒன்றும் இல்லாமலும் ஒரு பெண் மணமேடையில் உட்கார முடியாது. பார்த்துப் பார்த்துக் கையால் திரும்ப வரைந்தாலும் ஆயிரக்கணக்கான தையலில் அது வேறு மயிலாகத்தான் வரும். இன்னொன்றும் இருந்தது. அந்த டிஸ்க்கில் இருந்தவை எஸ்தர் தானே வரைந்த டிசைன்கள். அவை போய்விட்டால் அவள் மற்றவர்கள் கொடுக்கிற டிசைனை மெஷினில் ஓட்டிக்கொடுக்கிற ஆள்தான். அவள் அதைச் சொல்லவில்லை. டிஸ்க்கை அவள் பிடித்திருந்த பிடியே சொன்னது.

எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தரப்பட்டிருந்தது. காலண்டரைத் திரும்பிப் பார்த்தேன். அதிர்ஷ்டவசமாக உண்மையிலேயே ராகு காலம்.

"இப்ப ராகு காலம்மா. பன்னெண்டு மணிக்கு மேல கையை வெக்கறேன். நீ அப்பிடி உக்காரு, டீ சொல்றேன்."

எஸ்தர் உட்காரவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாண்ணே சொல்றீங்க? போன ஞாயிறு ஆராதனையில ரெண்டாவது வரிசையில கை தட்டிக்கினு இருந்தவரு நீங்கதானே?"

ஜெராக்ஸ் எடுக்க வந்து நின்றிருந்த ஒருவர் சிரித்துவிட்டார்.

"அது... கஸ்டமருக்காகச் சொல்றதும்மா."

"நானும் கஸ்டமர்தானே? எங்களுக்கு ராகு காலம் எல்லாம் கெடையாதுண்ணே. ஆண்டவர் குடுத்த எல்லா நேரமும் நல்ல நேரம்தான். நீங்க தொடுங்க."

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. பெண்ணின் அம்மா. ஜாக்கெட் முடிந்ததா, நாளைக்குக் கொடுத்துவிடுவாயா என்று அவர் கன்னடத்தில் கேட்டது ஸ்பீக்கர் இல்லாமலே கடை முழுவதும் கேட்டது.

"எஸ்தர், ப்ளவுஸ் ஆயித்தா? நாளெ கொட்தீயா, இல்வா?"

"ஆகுத்தே மேடம். ஒந்து கை முகிதிதே," என்று எஸ்தர் சொன்னாள். ஒரு கை முடிந்துவிட்டது என்பது உண்மைதான். இன்னொரு கையைப் பற்றி அவள் பேசவில்லை. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஜெராக்ஸ்காரரும் ஜெராக்ஸை மறந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்கு வேலை தெரியாமல் இல்லை. முதலில் டிஸ்க் முழுவதையும் அப்படியே இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுக்க வேண்டும், பிரதியில்தான் கை வைக்க வேண்டும் என்று நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இரண்டாவது வரிசையில் கை தட்டிய மனிதன் ராகு காலத்துக்குப் பயந்தவன் இல்லை என்று அந்த நிமிஷம் நிரூபிக்க வேண்டியிருந்தது. டிஸ்க்கை வாங்கினேன். சொருகினேன்.

கம்ப்யூட்டர் கேட்டது: இந்த டிஸ்க்கில் தவறு இருக்கிறது, சரிசெய்யட்டுமா?

அந்தக் கேள்விக்கு 'ஆமாம்' என்று சொல்லிவிட்டு அழுதுகொண்டு வந்தவர்களை வைத்துத்தான் நான் குடும்பம் நடத்தினேன். அதற்கு எப்போதும் 'வேண்டாம்' என்றுதான் பதில் என்று கடைக் கண்ணாடியில் எழுதி ஒட்டலாமா என்றுகூட யோசித்தது உண்டு. அன்றைக்கு 'ஆமாம்' என்று அமுக்கினேன். அமுக்கும்போது, பெரிய டாக்டர் ஊசி போடுவதுபோல் உதட்டை வேறு கடித்துக்கொண்டேன்.

பச்சைக் கோடு ஓடியது. இந்தத் தடவை அது உண்மையாகவே வேலை செய்தது. முடிந்ததும் திறந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால், சொருகியபோது, கோணல்மாணலான எழுத்தில் நிறைய ஃபோல்டர்கள் தெரிந்தன. இப்போது ஒன்றே ஒன்று. அதற்குள் பெயரில்லாத சில துண்டுகள். மற்ற இடமெல்லாம் காலி என்றது கம்ப்யூட்டர். அது பொய் சொல்லவில்லை. சுத்தம் செய்யச் சொன்னேன், செய்தது.

"வந்துருச்சாண்ணே?" என்று எஸ்தர் கேட்டாள்.

"கொஞ்சம் இரும்மா."

"எங்க டிசைனுங்க?"

"இங்கதான் இருக்கு. தெரியல, அவ்வளவுதான்."

"முன்னாடி கொஞ்சமாச்சும் தெரிஞ்சுதே?"

ஜெராக்ஸ்காரர், "அப்ப ராகு காலம் நெசந்தான் போல," என்று சொல்லிவிட்டு, ஜெராக்ஸ் எடுக்காமலே போய்விட்டார்.

இப்படி ஒரு தப்பு நடந்தால் உடனே இன்னொன்றைச் செய்து அதை மூடப் பார்ப்பது மனித சுபாவம். என் விஷயத்தில் அது கொஞ்சம் அதிகம். மீட்கிற மென்பொருளைத் திறந்தேன். மீட்டதை எங்கே எழுதட்டும் என்று அது கேட்டது. வேறு டிஸ்க்கை எடுத்து மாட்ட வேண்டும். அது மேல் அலமாரியில் இருந்தது. ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். இதே டிஸ்க்கில்தான் காலி இடம் நிறைய இருக்கிறதே என்று என் விரல் நினைத்தது. ஆம், விரல்தான் நினைத்தது. தலை அப்போது ஊரில் இல்லை. காலி என்று தெரிந்த அந்த இடத்தில்தான் மயில்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தன. அங்கே ஒரு வரி எழுதியிருந்தாலும் அத்தனை தையல் போயிருக்கும்.

"அண்ணே, கையை எடுங்க," என்றாள் எஸ்தர்.

எடுத்தேன்.

"கண்ண மூடுங்க. ஜெபம் பண்ணிடலாம்."

கடையில், பட்டப்பகலில், கோழிக்கடையில் கத்தி வெட்டுகிற சத்தத்துக்கு நடுவில் கண்ணை மூடினேன். கையைக் கட்டிக்கொண்டேன். எஸ்தர் ஆரம்பித்தாள். எங்கள் சபையில் ஜெபம் என்றால் சுருக்கமாக முடிகிற விஷயம் இல்லை.

"அன்புள்ள பரலோகப் பிதாவே, இந்த வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம். இந்தக் கடைக்காக ஸ்தோத்திரம். ஆண்டவரே, இந்த அண்ணன் அவசரப்பட்டுட்டாரு. நான்தான் அவசரப்படுத்தினேன், அதையும் மன்னியும். அவரு எதையோ அமுக்கிட்டாரு ஆண்டவரே, எத அமுக்கினாருன்னு உமக்குத் தெரியும், அவருக்குத் தெரிஞ்ச மாதிரி இல்ல. அவரு விரலை நீரே பிடிச்சிக்கும். இனிமே எதையும் அமுக்காதபடிக்குக் காத்துக்கும்..."

அதற்குப் பிறகு மின்சார வாரியத்துக்காக ஜெபித்தாள். கல்யாணப் பெண்ணுக்காக, அவளுடைய அம்மாவின் வாய்க்காக, தன் தம்பியின் லேப்டாப்பின் பேட்டரிக்காக ஜெபித்தாள். நான் நடுநடுவில் "ஆமென்" சொன்னேன். கை கட்டியிருந்தது, கண் மூடியிருந்தது. வேறு வழியில்லாமல் தலை வேலை செய்ய ஆரம்பித்தது.

ஈஜிபுராவில் வீட்டு நம்பரை வைத்து யாரும் வீடு கண்டுபிடித்ததில்லை. பதினேழுக்குப் பக்கத்தில் நூற்றுநாற்பது இருக்கும். ஆனாலும் கூரியர்க்காரர் வந்து சேருகிறார். வாசலில் காயும் துணியைப் பார்த்தே வீட்டை அடையாளம் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நான் அழித்தது நம்பர் பலகைகளைத்தான். ஆட்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறார்கள். யாரும் அங்கே புதிதாகக் குடிவராமல் பார்த்துக்கொண்டால் போதும். அப்புறம் ஒவ்வொரு வாசலாகப் பார்த்து அடையாளம் கண்டுபிடிக்கலாம். அதற்கு எம்பிராய்டரி ஃபைலின் வாசல் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். எனக்குத் தெரியாது. நல்ல நிலையில் ஒரே ஒரு ஃபைல் எங்கேயாவது இருந்தால் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

"ஆமென்," என்றாள் எஸ்தர்.

"யாருக்காவது போன்ல ஒரு டிசைன் அனுப்பியிருக்கியாம்மா?" என்றேன் நான், கண்ணைத் திறப்பதற்கு முன்பே.

யோசித்தாள். "சந்தாபுராவுல என் ஃபிரெண்டு ஒருத்திக்கு ரோஜாப்பூ ஒண்ணு அனுப்பியிருக்கேன்."

"அது போதும்."

டிஸ்க்கைக் கழற்றினேன். ஸ்டூல் போட்டு ஏறி மேல் அலமாரியிலிருந்து காலி டிஸ்க்கை எடுத்தேன். காலையிலேயே செய்திருக்க வேண்டிய பிரதியை அப்போது ஆரம்பித்தேன். அது முடியச் சாயங்காலம் ஆனது. எஸ்தர் வீட்டுக்குப் போய்ப் பேட்ஜ் வேலையை முடித்துவிட்டு வந்தாள். அந்த ரோஜாவை எழுத்தெழுத்தாகத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு இங்கிலீஷ் எழுத்து, ஒரு முக்காற்புள்ளி, அதற்குப் பின்னால் டிசைனின் பெயர். அந்தத் தோழி பதிலுக்கு அனுப்பி, போனில் இருந்த இன்னொரு டிசைனிலும் அதே இரண்டு எழுத்து. வாசல் தெரிந்துவிட்டது. மென்பொருளுக்குப் போட்டோ தெரியும், பாட்டு தெரியும், எம்பிராய்டரி தெரியாது. அதனால் அதுவரை எஸ்தரின் கிறிஸ்துமஸ் போட்டோக்களையும் ஆராதனைப் பாடல்களையும் மட்டும் எடுத்து அடுக்கியிருந்தது. இந்த இரண்டு எழுத்தைச் சொல்லித் தேடச் சொன்னதும் வரிசையாக வர ஆரம்பித்தன. பெயரும் உள்ளேயே இருக்கிறது. எனக்குப் பழைய கர்வம் திரும்பிவிட்டது.

"பாத்தியாம்மா? பேரோடயே வருது," என்று மானிட்டரைத் திருப்பினேன்.

மயில். மயில். மயில். மயில். திரை நிறைய மயில்.

"ஏம்மா எல்லாமே மயிலு?"

"புதுசா ஒண்ணு போடணும்னா பழைய மயிலத் தொறந்து, எல்லாத்தையும் அழிச்சிட்டு அதுலயே போடுவேண்ணே. செட்டிங் எல்லாம் ரெடியா இருக்கும்ல."

"பேரு மாத்த மாட்டியா?"

"வெளிய மாத்துவேன். வாழைத்தார், கோபுரம், எலிஃபன்ட்டுன்னு வேற வேற பேரு வெச்சேன். உள்ள மயிலுன்னே இருக்கும்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

வெளியே இருந்த பெயர்களைத்தான் நான் காலையில் அழித்துவிட்டேன். அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தாள். நான் டீ வாங்கி வந்தேன். அன்றைக்கு என்னால் ஆபத்தில்லாமல் செய்ய முடிந்த ஒரே வேலை அதுதான். திறக்கிற ஒவ்வொரு டிசைனுக்கும் அவளிடம் ஒரு கதை இருந்தது. இது ஆனேக்கல்காரம்மாவுக்குப் போட்டது. இது, வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதையே வேறு இடத்தில் போட்டுக்கொண்டவளுக்காக வரைந்தது. கடை மூடுவதற்கு முன் அரக்குக் கைக்கான மயில் கிடைத்துவிட்டது. ஒன்று இல்லை, அதே மயில் பல தடவை.

"பொண்ணோட அம்மா மாத்திக்கினே இருந்தாங்கண்ணே. மூக்கு கூரா இருக்குது, மாமியாரைக் கொத்தற மாதிரி இருக்குதுன்னாங்க. மழுப்பினேன். அப்புறம் கழுத்து குண்டா இருக்குதுன்னாங்க. ஒவ்வொரு தடவையும் தனியா சேவ் பண்ணேன்."

"கடைசியா எது?"

"அதான் தெரியல. எல்லாம் ஒரே மாதிரி இருக்குது."

திரையில் பார்த்தால் எனக்கும் எல்லாம் ஒரே மயில்தான்.

மறுநாள் சனிக்கிழமை காலையில், மயில்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு எஸ்தரின் வீட்டுக்குப் போனேன். ஜன்னலோரம் மெஷின். பழைய லைனிங் துணியில் முதல் மயிலை ஓட்டினாள். முடித்ததும் அதை எடுத்து, ஏற்கெனவே முடிந்திருந்த பட்டுக் கையின்மேல் குப்புறக் கவிழ்த்துப் போட்டு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். வலது கைக்கு மயில் எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மாமியாரைக் கொத்துகிற மயில். அதைத் தூக்கி என்மேல் போட்டாள். இரண்டாவதில் கழுத்து ஒட்டவில்லை. மூன்றாவதை வெளிச்சத்தில் பிடித்தவள் அசையாமல் நின்றாள். நானும் எழுந்து பார்த்தேன். இரண்டு மயில் ஒரே மயிலாகத் தெரிந்தது.

"இதுதான்," என்றாள்.

பிறகு பட்டுத் துணியை எடுத்து மெஷினில் இறுக்கினாள். மாற்றுத் துணி கிடையாது. ஒரு தையல் தவறினாலும் முடிந்தது. ஊசியைச் சரிபார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. வெளிய நில்லுங்க. உங்க கை எதையாச்சும் அமுக்கும்."

தப்பாக நினைக்க அதில் ஒன்றும் இல்லை. மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். உள்ளே மெஷின் ஓடியது. சட்டென்று நின்றது. நான் எழுந்துவிட்டேன்.

"நூலு அறுந்துச்சு. ஒண்ணும் இல்ல, உக்காருங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மறுபடி ஓடியது. கீழ்வீட்டு அம்மாள் படியேறி வந்து, "யாரு வேணும்?" என்று கேட்டார். "மயில்," என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

கதவு திறந்தபோது எஸ்தர் இரண்டு கைத்துணிகளையும் தன் இரண்டு தோளிலும் போட்டுக்கொண்டு நின்றாள். இரண்டு மயிலும் ஒன்றையொன்று பார்த்தன.

கைகளை வைத்து எஸ்தர் அன்றைக்கே தைத்து முடித்த ஜாக்கெட்டைப் பெண்ணின் அம்மா சாயங்காலம் வந்து வாங்கிக்கொண்டாராம். முதுகில் கொக்கி ஒன்று தள்ளியிருக்கிறது என்று மட்டும் குறை சொன்னாராம். கைகளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நம் வேலை சரியாக நடந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது என்பதை இந்தத் தொழிலில் சீக்கிரம் பழகிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு கடையில் நடைமுறையைக் கொஞ்சம் மாற்றினேன். சபை ஆட்கள் வந்தால் ராகு காலம் என்று சொல்வதில்லை. "முதல்ல ஜெபம் பண்ணிடலாம்" என்பேன். அதைச் சொன்னவளும் எஸ்தர்தான். "ஜெபம் பண்ற ஆளை யாரும் அவசரப்படுத்த மாட்டாங்கண்ணே. பண்ணுங்க, ஆனா நெசமாவே பண்ணுங்க," என்றாள். நிஜமாகவே பண்ணினேன். பயம் நிஜமாக இருந்ததால் அதில் சிரமம் இருக்கவில்லை.

கொத்துகிற மயில் போட்ட லைனிங் துணி என்னிடமே தங்கிவிட்டது. அதில்தான் மூக்குக்கண்ணாடி துடைக்கிறேன். இப்போது கை நடுங்குகிறது. கடையை உங்களிடம் கொடுத்துவிட்டு அத்திபெலேயில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நான் பெரிய பாடம் கற்றுத் திருந்திவிட்டேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அதனால் ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

கல்யாணம் முடிந்த அடுத்த வாரம் எஸ்தர் புது டிஸ்க் ஒன்று வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். பழையதில் திரும்ப ஒழுங்காக அடுக்கி வைத்திருந்த டிசைன்களை எல்லாம் புதியதிலும் ஒரு பிரதி எடுக்க வேண்டும். சின்ன வேலை. இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு. பக்கத்துப் பக்கத்தில் மாட்டினேன். புதியதில் இருப்பதை எல்லாம் முதலில் அழித்துச் சுத்தம் செய்ய வேண்டும். திரையில் இரண்டும் ஒன்றின்கீழ் ஒன்றாகத் தெரிந்தன. எஸ்தரிடம் பேசிக்கொண்டே, பெரிய கெட்டிக்காரன்போல் ஒன்றைத் தொட்டு, 'ஆமாம்' என்பதன்மேல் விரலைக் கொண்டுபோனேன்.

"இருங்கண்ணே," என்றாள் எஸ்தர்.

"என்னம்மா?"

"இப்ப ராகு காலம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என்னைச் சீண்டத்தான். ஆனால் இத்தனை வருஷப் பழக்கம் சும்மா விடுமா? அந்த வார்த்தையைக் கேட்டதும் என் விரல் தானாக எழுந்துவிட்டது. சாய்ந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் திரை தெரிந்தது. நான் தொட்டிருந்தது பழைய டிஸ்க்கை.

அதை விட்டுவிட்டு மற்றதைத் தொட்டேன். அவள் கவனித்தாளா இல்லையா என்று இன்றுவரை கேட்கவில்லை. அவள் போன பிறகு காலண்டரைப் பார்த்தேன். அந்த நேரத்துக்கு நேராக 'நல்ல நேரம்' என்று போட்டிருந்தது.